கையுறையோடு அழுத்திப் பார்த்தது

அரோசாக் கழிமுகத்தில் மட்டி வளர்க்கும் சங்கத்துக்கு
ஓர் இணையதளம் வேண்டும் என்றார்கள்.
தளம் என்றால் அவர்களுக்கு
யூகலிப்டஸ் சட்டங்களைப் பிணைத்து நங்கூரமிட்ட மிதவை.
ஐந்நூறு கயிறு தொங்கும். கயிற்றுக்குக் கயிறு மட்டி.
"உன் தளத்தில் என்ன தொங்கும்?" என்று கேட்டார் உஷியோ.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்,
வீகோவிலிருந்து பேருந்தில் வந்தவன்,
மடிக்கணினியில் முப்பத்தெட்டுப் படவில்லைகள்.

பழைய தளத்தில் இரண்டாயிரத்துப் பதினொன்றின் விலை
இன்னும் வாடாமல் இருந்தது.
கட்டியவன் ராட்டர்டாமில் கிரேன் ஓட்டுகிறான்.
கடவுச்சொல் நினைவில்லை,
அப்போதைய காதலியின் பெயர் என்பது மட்டும் உறுதி.
எந்தக் காதலி என்பதில்
சங்கத்தில் இரண்டு கட்சி.

முதலில் வேர்ட்பிரஸ்.
ஊரெல்லாம் அதுதான், ஆள் கிடைக்கும் என்றேன்.
இருபத்தாறு செருகுநிரல் போட்டால் போதும்.
செருகு என்றதும் பிராய்ஸ் பையிலிருந்து எடுத்துக் காட்டினான்
விரல்நீளப் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை.
கயிற்றில் முழத்துக்கு ஒன்று செருகாவிட்டால்
மட்டி தன் பாரத்தில் தானே வழுக்கி
அடிச்சேற்றில் போய் விழும்.
"இதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
உன்னுடையது?"
அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன்.
குறித்துக்கொண்டான்.

அடுத்தது ட்ரூபல்.
வகைப்பாடு, உரிமை அடுக்கு, ஒப்புதல் வரிசை.
பதினான்கு பேர் சங்கத்துக்கு
யானை கட்டித் தீனி போடுகிற வேலை.
தெரிந்தும் காட்டினேன்.
அழகாக இருந்தது.

மூன்றாவது என் செல்லம்:
தரவுத்தளம் கிடையாது, வெறும் கோப்புகள்,
கண் இமைக்குமுன் திறக்கும்,
திருடன் நுழைய வாசலே இல்லை.
பேசப் பேச என் குரல் உயர்வதை
நானே கேட்டேன்.

சபேலா அதுவரை வாய் திறக்கவில்லை.
கடல் சிவக்கும் நாட்களில்
ஆய்வுக்கூடத்துச் செய்தி அவளுக்குத்தான் முதலில் வரும்,
எந்தப் பகுதி மூடல், எது திறப்பு என்று.
அவள் அரை மணி தாமதித்தால் யாரோ ஒருவர்
நஞ்சேறிய மட்டியை மேலே இழுத்திருப்பார்.
எட்டு டன். கூலி, டீசல், முதுகுவலி,
எல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

"மூன்றையும் கொடு" என்றாள்.
ரப்பர் கையுறையை மாட்டி, வாளியில் முக்கி,
நீர் சொட்டச் சொட்ட என் கைப்பேசியை வாங்கினாள்.
பிராய்ஸ் படகுப்பந்தயக் கடிகாரத்தை அழுத்தினான்.

முதலாவதில் உள்ளே போவதற்குள்
பதினொரு புதுப்பிப்புகள் குறுக்கே நின்றன.
தள்ளிவிட்டுப் போனாள். இரண்டு நிமிடம் பத்து நொடி.
இரண்டாவது அவள் எழுதியதை 'வரைவு' என்று வாங்கிவைத்து
ஒப்புதலுக்குக் காத்திருந்தது.
யாருடைய ஒப்புதல்?
சபேலாவுடையது.
என் செல்லத்தில் கறுப்புத் திரை, ஒற்றை வரிக் கட்டளை.
கையுறை மூன்று எழுத்துகளை ஒருசேர அமுக்கியது.
திரும்பவும் அமுக்கியது.
"இதை யாருக்காகச் செய்தார்கள்?" என்றாள்.
எனக்காக என்று நான் சொல்லவில்லை.

முதலாவதையே எடுத்தோம்.
செருகல்களில் இருபதைப் பிடுங்கினேன்.
முகப்பில் இரண்டே பொத்தான், உள்ளங்கை அகலத்துக்கு:
மூடு. திற.
புதுப்பிப்பு மாதம் ஒருமுறை, பொறுப்பு பிராய்ஸ்;
நாட்காட்டியில் அந்தத் தேதிமேல்
ஒரு குச்சியை ஒட்டி வைத்திருக்கிறான்.
உஷியோ மட்டும் ட்ரூபலை இன்னும் விசாரிக்கிறார்,
அதில் அவர் படம் நன்றாக விழுந்ததாம்.

அக்டோபர், விடியற்காலை நாலு ஐம்பது.
தூக்கம் வராமல் தளத்தைத் திறந்து வைத்திருந்தேன்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகப்பு சிவந்தது:
"மூன்றாம் பகுதி மூடபட்டது."

ஓர் ஒற்று விழுந்துபோயிருந்தது.
நிர்வாகி நான், திருத்த ஒரு நொடி போதும்.
கர்சர் அந்த இடத்தில் நின்று நின்று மின்னியது.
கழிமுகத்தில் இந்நேரம்
படகுகள் பாதியில் திரும்பிக்கொண்டிருக்கும்,
அவள் இன்னும் கையுறையைக் கழற்றியிருக்க மாட்டாள்.

ஒற்றை அப்படியே விட்டுவிட்டு
மடிக்கணினியை மூடினேன்.